ஜெசிந்தா கம்பைத் தொடவில்லை

செய்தி வந்தபோது பள்ளி மைதானத்தில் பிள்ளைகளுக்குக் கூட்டு உடற்பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஆண்டு விழாவுக்கு இன்னும் பத்து நாள். மைக்கில் நான் எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருக்கையில் கைபேசியில் அந்தோணி அண்ணாச்சியின் பெயர் தெரிந்தது. ஜெசிந்தாவின் அண்ணன். திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கப் போகிறவர். வேண்டாத வார்த்தை ஒன்று பேசமாட்டார். "டீச்சர், தங்கச்சி போயிட்டா. காலைல ஆறு மணிக்கு. அடக்கம் நாளைக்கு நாலு மணிக்கு. வாரதுன்னா வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். வந்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. வாரதுன்னா வாங்க. அதில் இருந்த சூடு எனக்கு மட்டும்தான் உறைக்கும். மைக்கை இன்னொரு டீச்சரிடம் கொடுத்துவிட்டு, விளையாட்டுச் சாமான் அறையின் படியில் போய் உட்கார்ந்தேன்.

மதியத்துக்குள் பழைய விளையாட்டுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அஞ்சலிகள் வந்து குவிந்தன. ஒருவர் அவளை நீச்சல் வீராங்கனை என்று எழுதியிருந்தார். இன்னொருவர் பாய்மரப் படகு என்றார். மாலையில் அவள் தெருமுனையில் கட்டிய பேனரில் 'ஆசிய நீச்சல் மங்கை' என்றே அச்சாகியிருந்தது. உயிரோடு இருந்தபோது அவள் என்ன விளையாடினாள் என்று கேட்காத ஊர், செத்த பிறகு மட்டும் சரியாகச் சொல்லிவிடுமா என்ன? அதெல்லாம் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஒரு செய்தியைத்தான் என்னால் விடமுடியவில்லை. எங்கள் அணிக்கு மேனேஜராக வந்தவர், இப்போது ஓய்வில் இருப்பவர், எழுதியிருந்தார்: "நல்ல திறமைசாலி. அன்று மட்டும் அந்தக் கம்பைத் தொடாமல் இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பாள்." கீழே கைகூப்பும் பொம்மை மூன்று. அதன் கீழே 'உண்மை சார்', 'உண்மை சார்' என்று வரிசையாகப் பதினோரு பேர்.

அவளை அறிந்தவர்களே, அந்தப் பதினோரு பேரே, பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். ஜெசிந்தா கம்பைத் தொடவில்லை. தொட்டாள் என்று அன்றைக்குப் பலகையைத் தூக்கிக் காட்டிய நடுவர் நான்தான். இதை அவள் கண்மூடுவதற்கு முன்னால் எழுதித் தருகிறேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வாக்கையும் நான் காப்பாற்றவில்லை. ஆகவே இதை அஞ்சலி என்று நினைத்துப் படிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

அவள் விளையாடியது என்னவென்று முதலில் சொல்லவேண்டும். சீறிப் பாயும் ஆற்றின் குறுக்கே கம்பி கட்டி, அதிலிருந்து இரண்டிரண்டு கம்புகளாகத் தொங்கவிட்டிருப்பார்கள். ஒவ்வொரு ஜோடியும் ஒரு கேட். பச்சைக் கம்பு என்றால் நீரோட்டத்தோடு நுழையவேண்டும். சிவப்பு என்றால் கடந்துபோய், படகைத் திருப்பி, ஓட்டத்தை எதிர்த்துக் கீழிருந்து மேலே நுழையவேண்டும். ஒருவர் மட்டும் உட்காரும் ஒல்லிப் படகு. இருபதுக்கும் மேலான கேட்டுகள். எல்லாம் சேர்ந்து ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். கம்பில் படகோ துடுப்போ உடம்போ பட்டால் இரண்டு வினாடி தண்டம். கேட்டைத் தவறவிட்டால் ஐம்பது. கரையில் உட்கார்ந்து இதைப் பார்த்து எழுதுவதற்கு நடுவர்கள் உண்டு. கையில் எண் எழுதிய பலகை. தொட்டால் இரண்டு என்ற பலகையைத் தூக்கவேண்டும். தொட்டாரா இல்லையா என்று சந்தேகம் வந்தால் தூக்கக்கூடாது. சந்தேகத்தின் பலன் எப்போதும் படகில் இருப்பவருக்கே. விதிப் புத்தகத்தில் இது தெளிவாக இருக்கிறது.

அந்தப் புத்தகத்தை எங்கள் மாவட்டத்தில் முழுக்கப் படித்தவள் நான் ஒருத்திதான். நாசரேத்துக்காரி, உடற்கல்விப் படிப்பை முடித்து அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தாமிரபரணியில் தண்ணீர் திறந்துவிட்ட ஒரு மாதத்தில், அணைக்கட்டுக்குக் கீழே மாநிலத் தேர்வுப் போட்டி நடத்தினார்கள். வேறு ஆள் கிடைக்காமல் என்னை நடுவராக உட்காரவைத்தார்கள். அங்கேதான் ஜெசிந்தாவை முதலில் பார்த்தேன். இருபது வயது, குட்டை, தோள்கள் மட்டும் அகலம். யாரிடமோ இரவல் வாங்கிய மிதவைச் சட்டை முழங்கால் வரை தொங்கியது. ஓட்டத்தை முடித்துவிட்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட நேரே என்னிடம் வந்தாள். எட்டாவது கேட்டில் முழங்கை பட்டுவிட்டது, நீங்கள் போடவில்லையே என்றாள். நான் பார்க்கவில்லை என்றேன். "நீங்க பாக்கல. நான் தொட்டேம்லா. போடுங்க டீச்சர்" என்றாள். பார்க்காததை எழுத எனக்கு விதியில் இடமில்லை. அவள் விடுவதாக இல்லை. கடைசியில் நான் விதிப் புத்தகத்தைத் திறந்து காட்டவேண்டியதாகிவிட்டது. இப்படி ஒரு கிறுக்கி உண்டா என்று அன்றைக்குச் சிரித்தேன்.

அதிலிருந்து சிநேகிதம். ஒரே வயதுக்காரிகள். ஊருக்கு வெளியே போகும் முதல் ரயில் பயணத்திலேயே டீச்சர் போய் ஏளா வந்துவிட்டது. ஊருக்குள் வந்தால் மறுபடி டீச்சர்.

பெண்பிள்ளைகள் கடலுக்குப் போகாத தெரு அவளுடையது. அம்மா மீன் விற்கிறவர். மகள் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் ஓட்டில் உட்கார்ந்து துறைமுகத்துச் சுவர் ஓரம் துடுப்புப் போடுவதைப் பார்த்து, விசைப்படகில் போகிறவர்கள் பொம்மைப் படகு, பொம்மைப் படகு என்று கூவுவார்களாம். அவள் ஒரு கையால் கும்பிடு போட்டுவிட்டுப் போவாளாம். கடலில் பழகியவளுக்கு ஆறு என்ன பெரிய காரியம் என்று நான் ஒருமுறை கேட்டேன். அவள் சொன்னதை நான் பிறகு எத்தனையோ பயிற்சி வகுப்புகளில், அவள் பெயரைச் சொல்லாமல், என் சொந்தச் சரக்கு மாதிரி சொல்லியிருக்கிறேன். "கடல்ல அலை வரும், போகும், நம்ம நிக்கலாம். ஆத்துல அலை அங்கனயே நிக்கும்ளா. நம்மதான் போகணும்." இதையும் இங்கே எழுதிவிடுகிறேன். இதுவும் அவளுடையது.

வடக்கே தேசிய முகாமுக்குப் போனாள். அங்கே இருந்தவர்களுக்கெல்லாம் நல்ல படகுகள். இவளுக்கு நாலு பேர் ஓட்டிக் கழித்தது. அதன் மூக்கு பாறையில் மோதி உடைந்தபோது, ஊருக்குக் கொண்டுவந்து, வள்ளத்துக்கு ஃபைபர் ஒட்டுகிற பட்டறையில் அந்தோணி அண்ணாச்சி ஒட்டிக்கொடுத்தார். வள்ளத்துக்கு அடிக்கிற அதே நீலச் சாயத்தையும் அடித்துவிட்டார். முகாமில் அதைப் பார்த்து மேனேஜர் முகத்தைச் சுளித்தாராம், நாட்டின் மானம் போகிறது என்று. அந்த நீல மூக்குப் படகில்தான் அவள் நாட்டுக்காக இரண்டு முறை வெளிநாடு போனாள். முதல் முறை கடைசியாக வந்தாள். திரும்பி வந்ததும் வருத்தம் சொல்லப் போன எனக்கு மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டு, கடைசியாக வருவதற்கும் அங்கே போயாகவேண்டுமே என்றாள். இரண்டாம் முறை பாதிப் பேரைப் பின்னால் தள்ளியிருந்தாள். மூன்றாவதுதான் தைவான்.

தைவானில் நடந்த ஆசியப் போட்டிக்கு அவள் வீராங்கனையாகவும் நான் நடுவராகவும் போனோம். பதினைந்து வருடம் ஆகிறது. புறப்பட்ட விமான நிலையத்திலேயே கோளாறு ஆரம்பமானது. படகுக்கு முன்கூட்டியே இடம் எழுதிவைக்கவேண்டும். மேனேஜர் மறந்துவிட்டார். நீளச் சாமானை ஏற்றமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மேனேஜர் தம்முடைய இரண்டு பெட்டிகளும் ஏறிவிட்டனவா என்று பார்த்துக்கொண்டார். நீல மூக்குப் படகு ஒரு தூண் ஓரம் கிடக்க, ஜெசிந்தா இரண்டாகக் கழற்றிய துடுப்போடு மட்டும் விமானம் ஏறினாள். துடுப்போடு வந்து இறங்கிய படகோட்டியை அந்த ஊர்க்காரர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது.

படகு கொடுத்தவள் ஒரு தைவான்காரி. அவளும் அதே பிரிவில் போட்டியிடுகிறவள். பெயர் ஷியூ. எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவள், பத்து வருடத்துக்கு மேலாக நாடு நாடாகப் போய் விளையாடிக்கொண்டிருந்தவள். கரையில் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜெசிந்தாவிடம் வந்து, தன் படகைத் தட்டிக் காட்டி, பிறகு ஜெசிந்தாவின் இடுப்பைக் கையால் அளந்தாள். படகு இடுப்பைக் கவ்விப் பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் திரும்பாது. ஜெசிந்தா ஒல்லி. இரண்டு பேரும் உட்கார்ந்து ஸ்பாஞ்சு வெட்டி, டேப் சுற்றி, இருக்கையின் இரண்டு பக்கமும் எடுத்து மாட்டுகிற மாதிரி அடைப்புச் செய்தார்கள். ஒருத்திக்கு மற்றவள் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. அமைப்பாளர்கள் பெருந்தன்மையாக இருவர் முறைக்கும் நடுவே இடைவெளி விட்டார்கள். ஷியூ ஓடி முடித்ததும் இருவரும் படகைத் தோளில் வைத்துக்கொண்டு கரைப் பாதையில் மேலே ஓடுவார்கள், ஜெசிந்தா இறங்குவதற்காக. ஊரிலிருந்து கொண்டுபோன மக்ரூன் பொட்டலம் முழுவதையும் ஷியூவுக்குக் கொடுத்துவிட்டாள். எனக்கு ஒன்றுகூட இல்லை. கேட்டதற்கு, நீ படகு கொடுத்தியா என்றாள்.

முதல் சுற்றில் அந்த இரவல் படகில் ஜெசிந்தா பத்துப் பேருக்குள் வந்தாள். மேனேஜர் அதற்குப் பிறகுதான் அவள் பெயரைச் சரியாகச் சொல்லத் தொடங்கினார். அரையிறுதியில் முதல் பத்துப் பேர் இறுதிப் போட்டிக்குப் போவார்கள். போய்விட்டால் அடுத்த பெரிய போட்டிக்கான பட்டியலில் பெயர் ஏறும். மாநிலத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கேட்டு அவள் போட்டிருந்த மனுவும் நகரும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் பன்னிரண்டாவது கேட்டுக்கு எதிரே பலகையோடு உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டாவது, சிவப்பு. எதிர்க்கரை ஓரம் தண்ணீர் அடியிலிருந்து குமிழ்ந்து பொங்குகிற இடம். ஜெசிந்தா மேலே வளைவில் தெரிந்ததும், பக்கத்தில் இருந்த வேறு நாட்டு நடுவர் சிரித்துக்கொண்டே, உன் ஊர்ப் பெண் வருகிறாள் போலிருக்கிறதே என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் நான் உடனே பலகையை எடுத்து மடியில் தயாராக வைத்துக்கொண்டேன். ஏன் என்று சொல்லவேண்டுமென்றால் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும்.

என் அப்பா நாசரேத்தில் மிஷன் பள்ளித் தலைமையாசிரியர். நான் அவர் வகுப்பில் படித்தேன். என் விடைத்தாளில் மட்டும் எப்போதும் ஐந்து மதிப்பெண் குறையும். கேட்டால், ஹெட்மாஸ்டர் பொண்ணு என்று நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது என்பார். அம்மா அதைப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பெருமையாகச் சொல்வார். சபையில் பரிசு கொடுக்கும்போது சொந்தப் பிள்ளைகளை இரண்டாவதாக நிறுத்துவதுதான் எங்கள் பக்கத்துப் பெரிய மனுஷத்தனம். நம்மவர்களுக்கு ஒரு பிடி குறைத்துக் கொடுப்பதுதான் நேர்மை என்று நினைத்து வளர்ந்தவள் நான். அந்தக் குறைகிற ஒரு பிடி யாருடைய சோறு என்று யாரும் கேட்டதில்லை.

ஜெசிந்தா பன்னிரண்டைக் கடந்து வந்து, படகின் வாலை அமுக்கி ஒரே திருப்பில் திருப்பி, தலை குனிந்து, கம்புகளுக்கு நடுவே மேலேறினாள். வெளியே போனாள். கம்பு ஆடியது. கம்பு ஆடியதைத்தான் நான் பார்த்தேன். அவள் பட்டதை நான் பார்க்கவில்லை. என் கை மேலே போய்விட்டது, இரண்டு என்ற பலகையோடு. வேறு எந்த நாட்டுப் பெண்ணாக இருந்தாலும் அந்தக் கை மடியிலேயே கிடந்திருக்கும். இதை எந்தப் பைபிள் மேலும் கைவைத்துச் சொல்வேன்.

முடிவில் அவள் பதினோராவது. பத்தாவதாக வந்தவளுக்கும் இவளுக்கும் இரண்டு வினாடிகூட இல்லை. ஜெசிந்தா மேனேஜரைத் தேடிப் பிடித்து விளக்கம் கேட்டு எழுதவைத்தாள். தலைமை நடுவர் என்னைக் கூப்பிட்டு, பட்டதைக் கண்ணால் பார்த்தீர்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். கம்பு ஆடியது, பட்டதா என்று எனக்கு உறுதியில்லை என்று சொல்லியிருந்தால் அந்த இரண்டு வினாடியை அங்கேயே அடித்திருப்பார்கள். பார்த்தேன் என்றேன். அரையிறுதி நடுவே என் கை தடுமாறிவிட்டது என்று நாலு நாட்டுக்காரர்கள் முன்னால் ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அதுதான் காரணம். நேர்மையும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஜெசிந்தா கரையில் காத்திருந்தாள். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"ஏளா, நான் தொடல."

"நான் பாத்தேன்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

தாமிரபரணியில் எட்டாவது கேட்டில் பட்டது என்று தானே வந்து மாட்டிக்கொண்டவள் தொடவில்லை என்று சொல்கிறாள் என்றால் அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? சரி என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் இறுதிப் போட்டியில் ஷியூ இறங்கினாள். இருக்கையின் ஸ்பாஞ்சுகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் படகை ஷியூவோடு சேர்ந்து மேலே தூக்கிப் போனவள் ஜெசிந்தாதான். ஷியூ ஆறாவதாக வந்தாள். வந்து கரையேறியதும் ஜெசிந்தாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். எதற்கு அழுதாள் என்று எனக்குத் தெரியாது. ஜெசிந்தா அழவில்லை.

ஊருக்கு வந்த பிறகு பட்டியல் வந்தது, அதில் அவள் இல்லை. வேலை மனு திரும்பி வந்தது. படகை மறந்த மேனேஜரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கூட்டத்துக்குக் கூட்டம், நல்ல பொண்ணு, ஆனால் நெருக்கடியில் கை நடுங்கிவிடும், கம்பைத் தொட்டுவிட்டாள் என்று உதாரணம் காட்டிப் பேசினார். அதன் பிறகு அவளை எந்த முகாமுக்கும் கூப்பிடவில்லை. திரேஸ்புரத்தில் அவளுக்குக் கம்பு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவள் ஐஸ் கம்பெனியில் சேர்ந்தாள். படகுகளுக்கு ஐஸ் கட்டிகளை அரைத்து ஏற்றிவிடுகிற இடத்தில் மேற்பார்வை. நான் வழியில் பார்த்தால் பேசுவாள். என்ன டீச்சர், நல்லாருக்கீங்களா. ஊருக்குள் மட்டும் அல்ல, ஊருக்கு வெளியிலும் நான் டீச்சர் ஆகிவிட்டேன்.

ஒருமுறை எங்கள் பள்ளி விளையாட்டு விழாவுக்கு அவளைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டேன். பாவத்துக்குப் பரிகாரம் தேடினேனோ என்னவோ. வரவேற்றுப் பேசிய தாளாளர், இறுதிப் போட்டிக்கு மயிரிழையில் போகாமல் போனவர், ஒரு கம்பு அவருடைய வாழ்க்கையைத் தட்டிவிட்டது என்று அழகாகப் பேசினார். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். மேடையில் அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி நான். ஜெசிந்தா மைக்கைப் பிடித்து, "நான் தொடல. அவ்வளவுதான். பிள்ளைகளெல்லாம் நல்லா விளையாடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துக் கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு நிழற்படத்தில் இருக்கிறது, பள்ளி மலரில் அச்சாகியிருக்கிறது.

ஐந்து வருடத்துக்கு முன்னால் யாரோ அந்தப் போட்டியின் பழைய வீடியோவை இணையத்தில் ஏற்றினார்கள். எதிர்க்கரையிலிருந்து எடுத்தது. ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவள் தலைக்கும் கம்புக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. துடுப்பு உள்பக்கம். படகின் வால் கடந்துபோன பிறகு அடியிலிருந்து தண்ணீர் குபுக்கென்று எழும்பி, கம்பின் நுனியைத் தட்டுகிறது. கம்பு ஆடுகிறது. ஓரத்தில் ஒரு பெண் பலகையைத் தூக்குகிறாள். அந்தப் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். மறுநாள் புது நடுவர்களுக்கு நான் வகுப்பு எடுக்கவேண்டியிருந்தது. போய் எடுத்தேன். சந்தேகம் வந்தால் பலகையைத் தூக்காதீர்கள் என்று சொல்லிக்கொடுத்தேன்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. சர்வதேச நடுவர் என்ற தகுதி, அதைப் புதுப்பிக்கிற வருடம், பள்ளியில் பெயர், நாசரேத்தில் பெயர். ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நான் ஒளிந்துகொண்டேன். போன வருடம் அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று கேள்விப்பட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் சுத்தம் செய்கிற இயந்திரத்தோடு படுத்திருந்தாள். அந்தத் தோள்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. கைபேசியில் வீடியோவை எடுத்துக் காட்டப் போனேன். அவள் பார்க்கவில்லை.

"அண்ணன் அப்பமே காட்டிட்டான். நீயும் பாத்திருப்பன்னு தெரியும். இன்னைக்கு வருவ, நாளைக்கு வருவன்னு இருந்தேன்."

பதினாலு வருடத்துக்குப் பிறகு நீ என்றாள். நான் அழுதேன். மன்னித்துக்கொள் என்று அவள் காலைப் பிடிக்கப் போனேன். காலை இழுத்துக்கொண்டாள்.

"மன்னிப்ப வச்சு நான் என்னளா செய்ய? அத ஃபாதர்ட்ட கேளு. எனக்கு எழுதிப் போடு. தொடலன்னு நாலு பேரு படிக்கிற மாதிரி எழுதிப் போடு. நான் இருக்கும்போதே போடு. படிச்சிட்டு நான் ஒரு தடவ சிரிக்கணும்."

எழுதுகிறேன் என்றேன். அந்த வாரமே எழுதவும் உட்கார்ந்தேன். முதலில் எங்கள் விளையாட்டுச் சங்கத்துக்கு ஒரு கடிதம் போட்டு முறையாகச் செய்யலாம் என்று தோன்றியது. முறை! இவ்வளவு நாள் கழித்து எதற்கு டீச்சர், சங்கத் தேர்தல் முடியட்டும் என்றார்கள். சரி என்று காத்திருந்தேன். பிறகு அரையாண்டுத் தேர்வு. பிறகு கிறிஸ்துமஸ். அவள் வாட்ஸ்அப்பில், 'எழுதிட்டியா' என்று கேட்டாள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று பதில் போட்டேன். ஒரு மாதம் கழித்து மறுபடி, 'எழுதிட்டியா'. சீக்கிரம் என்றேன். மூன்றாவது முறைக்கு நான் பதிலே போடவில்லை. எழுதி முடித்துவிட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நினைத்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடக்கத்துக்குப் போனேன். கல்லறைத் தோட்டத்தில் மேனேஜரும் மாலையோடு வந்திருந்தார். அந்தோணி அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, அன்னைக்கு மட்டும் தொடாம இருந்திருந்தா என்று ஆரம்பித்தார். அண்ணாச்சி கையை விடுவித்துக்கொண்டு, "தொட்டாளா இல்லையான்னு டீச்சர் சொல்லுவாவ. இங்கனதான நிக்காவ" என்றார். சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். தொடவில்லை, நான்தான் தவறாகக் காட்டினேன் என்றேன். மேனேஜர் என் தோளைத் தட்டி, இந்த நேரத்தில் அதெல்லாம் எதற்கு டீச்சர், மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார். அவரைப் பொறுத்தவரை நான் துக்கத்தில் ஏதோ உளறுகிறேன். உண்மையைச் சொல்லவேண்டிய நாளில் சொல்லாவிட்டால் அதற்குக் கிடைக்கிற மரியாதை இவ்வளவுதான்.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணாச்சி என்னிடம் வந்தார். அவர் திட்டியிருக்கலாம். "அவ படிக்கணும்னு இருந்தா டீச்சர். கண்ணாடிகூட மாத்தி வாங்கிட்டு வரச் சொன்னா" என்று மட்டும் சொல்லிவிட்டு, மண்வெட்டிக்காரரிடம் போய் நின்றுகொண்டார்.

இப்படிப்பட்ட கட்டுரைகளில், அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது தைரியம், விடாமுயற்சி என்று முடிப்பார்கள். எனக்கு அந்த உரிமை இல்லை. அவளுடையதாக என்னிடம் இருப்பது கைபேசியில் பதில் போடாத அந்த மூன்றாவது 'எழுதிட்டியா' மட்டும்தான். அதை அழிக்கமாட்டேன். இந்தப் பக்கங்கள் அச்சாகி வந்ததும் படமெடுத்து, அதற்குக் கீழேயே, எழுதிட்டேன் என்று அனுப்பப் போகிறேன். அவளுடைய எண் இப்போது அந்தோணி அண்ணாச்சியிடம் இருக்கிறது. அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். தலைப்பிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிடுவார். படித்துவிட்டு அவர் சிரிக்கமாட்டார்.